சிறுநீரகம் மாற்றலாம், கொடுக்க மனம் வேண்டும்!



சென்ற மாதம் ஒரு நாள் காலை. பெரட்டு முடிந்து எல்லோரும் காட்டுக்குப் போன பிறகு, மருந்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். செம்பனைக் காட்டில் உதிரி பொறுக்கும் ஓர் அம்மா வந்து வாசலில் நின்றார். காய்ச்சலா, காலில் முள்ளா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றார்.

"ஐயா, ஒரு சேதி கேக்கணும். பன்னியோட கிட்னிய எடுத்து மனுஷனுக்கு வச்சிட்டாங்களாமே, நெசந்தானா? அப்படின்னா எங்க வீட்டுக்காரருக்கும் கெடைக்குமா?"

அவருடைய கணவர் ஒரு காலத்தில் நன்றாகக் குலை வெட்டியவர். இனிப்புநீர் வியாதி முற்றி இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், இப்போது வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யச் சிரம்பான் போய் வருகிறார். அந்த அம்மாவின் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. அந்த வீட்டைப் போல நம் தோட்டங்களில் பல வீடுகள் இருக்கின்றன. ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

சிறுநீரகத்தின் வேலை

சிறுநீரகம் என்கிற கிட்னி, முதுகுப் பக்கம் விலா எலும்புக்கு அருகே, இடது புறம் ஒன்றும் வலது புறம் ஒன்றுமாக இருக்கிறது. கைமுஷ்டி அளவுதான். கித்தாத் தோட்டங்களில் பால் கொட்டகையில் பாலை வடிகட்டித்தானே தொட்டியில் ஊற்றுவார்கள்? அந்த வடிகட்டியின் வேலையைத்தான் அது நம் இரத்தத்துக்குச் செய்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்தெடுத்து, தேவையானதைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, கழிவை மட்டும் ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியே அனுப்புகிறது. உப்பை அளவாக வைப்பது, இரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்துவது, இரத்தம் ஊறச் செய்வது எல்லாமே அதன் பொறுப்பு.

இரண்டும் கெட்டுவிட்டால் முன்பெல்லாம் சில நாள், சில வாரம்தான். 1943-ல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஹாலந்து நாட்டில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் ஓர் இயந்திரம் செய்தார். இறைச்சிக்கு உறையாகச் சுற்றும் மெல்லிய செலோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டுக் கழிவைப் பிரித்தார். முதலில் வந்தவர்கள் பலர் பிழைக்கவில்லை. 1945-ல் ஓர் அம்மா பிழைத்தார். இன்று நம்மவர்கள் படுத்திருக்கும் டயாலிசிஸ் கட்டிலுக்கு அந்த இயந்திரம்தான் பாட்டனார்.

டயாலிசிஸ் உயிரைக் காக்கும். ஆனால் கணக்குப் பாருங்கள். நல்ல சிறுநீரகம் வாரத்துக்கு 168 மணி நேரமும் வேலை செய்கிறது. இயந்திரமோ நான்கு மணி நேரமாக மூன்று தடவை, மொத்தம் 12 மணி நேரம். மீதி நேரத்தில் கழிவும் நீரும் உடம்பிலேயே தேங்குகின்றன. அதனால்தான் குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டியிருக்கிறது. பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிரம்பான் போய் வந்தால் ஒரு நாள் போய்விடும். வேலை செய்யவும் உடம்பில் தெம்பு இருக்காது. ஆகவேதான் வேறொருவரின் நல்ல சிறுநீரகத்தைப் பொருத்துவதே மேலான வைத்தியம் என்கிறார்கள்.

ஒட்டுக் கட்டுவதும் உறுப்பு மாற்றுவதும்

கித்தாக் கன்றில் ஒட்டுக் கட்டுவது நம்மில் மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டையைப் பதமாகக் கீறித் திறந்து, நல்ல ஜாதி மரத்தின் கண்ணை உள்ளே வைத்துக் கட்டுவார்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்து, பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது என்பார்கள். மனித உடம்பிலும் தைத்து இணைக்கிற வேலையை டாக்டர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். இரத்தக் குழாயோடு குழாயைத் தைக்கும் முறையைக் கண்ட அலெக்சிஸ் கேரல் 1912-லேயே நோபல் பரிசு பெற்றுவிட்டார். ஆனாலும் வைத்த உறுப்பு சில நாளில் கறுத்துப்போனது. ஏன்?

நம் உடம்புக்குள் ஒரு ஜாகா இருக்கிறான். வெள்ளை அணுக்கள்தாம் அந்த ஜாகா. தோட்டத்து வாசலில் அறிமுகமில்லாத லோரி வந்தால் தடுத்து நிறுத்துவதுபோல, உடம்புக்குள் அந்நியப் பொருள் எது வந்தாலும் அவன் அடித்து விரட்டுவான். கிருமியை விரட்டுகிறவரையில் அவன் நமக்குக் காவல். ஆனால் உயிர் காக்க வந்த சிறுநீரகத்தையும் அவன் அந்நியன் என்றே நினைக்கிறான். போரில் தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறருடைய தோலை ஒட்டியபோது அது நிலைக்காமல் போனதை ஆராய்ந்து, இந்த உண்மையை விளக்கியவர் இங்கிலாந்தின் பீட்டர் மெடாவர். அவருக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் ஜாகாவுக்கு வித்தியாசமே தெரியாத ஒரே உருவ இரட்டையர் என்றால்? 1954 டிசம்பர் 23-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே இதைச் செய்து காட்டினார். ரொனால்டு ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். ரிச்சர்டு எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். "கொடுத்தவர் என்ன ஆனார்?" என்று நம்ம ஆட்கள் உடனே கேட்பார்கள். ரொனால்டு ஒரே சிறுநீரகத்தோடு 56 ஆண்டுகள் வாழ்ந்து, 2010-ல் 79-ஆவது வயதில்தான் காலமானார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டையர் இல்லாதவர்களுக்கு வழி மண்ணிலிருந்து வந்தது. 1969-ல் நார்வே நாட்டு மலைப் பகுதியிலிருந்து ஒரு மருந்துக் கம்பெனிக்காக ஒரு பிடி மண் எடுத்து வந்தார்கள். அந்த மண்ணில் இருந்த பூஞ்சைக் காளானில் ஒரு பொருள் கிடைத்தது. அது ஜாகாவைக் கொல்லாமல், கொஞ்சம் அசந்து இருக்கச் செய்தது. அதன் பெயர் சைக்ளோஸ்போரின். 1983-ல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதிக்கப்பட்ட பிறகுதான் உறுப்பு மாற்றுச் சிகிச்சை உலகமெங்கும் வேரூன்றியது. மறு வருஷமே ஜப்பானில், அதுவும் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து, டாக்ரோலிமஸ் என்ற மருந்தைக் கண்டார்கள். நாம் தினமும் மிதிக்கிற மண்ணுக்குள் எத்தனை உயிர்களுக்கு மருந்து இருக்கிறது, பாருங்கள்!

ஜாகா அசந்திருந்தால் திருடனும் உள்ளே வரலாம் அல்லவா? ஆகவே மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர், அது வேலை செய்கிற காலம் முழுவதும் மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். சின்னக் காய்ச்சல் என்றாலும் டாக்டரிடம் ஓட வேண்டும். "உடம்பு தேறிடுச்சி, மாத்திரை எதுக்கு?" என்று தானாக நிறுத்தியவர்கள் கிடைத்த சிறுநீரகத்தையும் இழந்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் நடந்தவை

இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 1975 டிசம்பரில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில், டாக்டர் உசேன் அவாங் தலைமையில் நம் நாட்டின் முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் உடன்பிறந்த சகோதரர்கள். கல்லீரல் மாற்றுச் சிகிச்சை 1995-லும், இதய மாற்றுச் சிகிச்சை தேசிய இருதயக் கழகத்தில் 1997-லும் தொடங்கின.

2000-ஆம் ஆண்டு மே மாதம் செலாயாங் மருத்துவமனையில் நடந்தது உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. இரட்டைக் குழந்தைகளில் ஒன்று பிழைக்காது என்ற நிலை. மற்றொன்றுக்கோ ஒரு கை சரியாக வளரவில்லை. போகும் குழந்தையின் கையை இருக்கும் குழந்தைக்குப் பொருத்தினார்கள். அந்தக் குழுவின் தலைவர் நம்மவரான டாக்டர் வி. பத்மநாதன். ஒரே உருவ இரட்டையர் என்பதால் ஜாகாவின் தொல்லையும் இல்லை.

2007 அக்டோபரில் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஓராண்டாக இயந்திர இதயத்தின் துணையோடு தேசிய இருதயக் கழகத்தில் இருந்த 14 வயதுச் சிறுமிக்கு ஓர் இதயம் கிடைத்தது. உடம்பு அதை ஏற்கவில்லை. மறுநாளே இன்னொரு குடும்பம் தங்கள் பிள்ளையின் இதயத்தைக் கொடுத்தது. அந்தப் பெண் பிழைத்தாள். இதில் டாக்டர்களின் திறமை பெரிதுதான். ஆனால் துக்கத்தின் நடுவே "சரி" என்று சொன்ன அந்த இரண்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

பன்றியின் சிறுநீரகம் எப்போது வரும்?

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். செய்தி உண்மைதான். 2022-ல் அமெரிக்காவில் ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். சுமார் இரண்டு மாதம் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டனில் இன்னொருவருக்குப் பன்றியின் சிறுநீரகத்தை வைத்தார்கள். மனித உடம்பு ஏற்கும்படி அந்தப் பன்றியின் மரபணுவை 69 இடங்களில் திருத்தியிருந்தார்கள். அவரும் இரண்டு மாத அளவில் இறந்தார். 2025 ஜனவரியில் வைத்த ஒருவருக்கு அந்தச் சிறுநீரகம் 271 நாள் வேலை செய்தது. பிறகு எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டு மாதம் ஒன்பது மாதமானது சிறிய விஷயமல்ல. ஆராய்ச்சி இப்படித்தான் படிப்படியாக ஏறும். 1967-ல் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் பர்னார்டு முதன்முதலில் மனித இதயத்தை மாற்றியபோது அந்த நோயாளி 18 நாள்தான் வாழ்ந்தார். இன்று இதயம் மாற்றியவர்கள் பத்து, இருபது ஆண்டுகள்கூட வாழ்கிறார்கள். நம் பிள்ளைகள் காலத்தில் பன்றியின் சிறுநீரகம் வழக்கத்துக்கு வரலாம். ஆனால் இன்று சிரம்பானில் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அது கிடைக்காது. அவருக்கு மனிதர்தான் கொடுக்க வேண்டும்.

நான் பதில் சொல்லாத இரவு

நம் நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்போர் பத்தாயிரம் அளவில் இருக்கிறார்கள். வருஷத்துக்குக் கிடைப்பதோ சில நூறுக்கு மேல் போவதில்லை. டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, உறுப்புத்தான் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு என் கதையையே சொல்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் வேறொரு தோட்டத்தில் இருந்தேன். அங்கே ஒரு பையன், வயது 22, மோட்டார் சைக்கிளில் போய் லோரியில் மோதிவிட்டான். மூன்றாம் நாள் இரவு அவன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"ஐயா, நெஞ்சு ஏறி எறங்குது. தொட்டா ஒடம்பு சூடா இருக்கு. ஆனா மூள செத்துப்போச்சுங்கறாங்க. உறுப்பக் குடுக்குறீங்களான்னு கேக்குறாங்க. நீங்க சொல்லுங்கய்யா, எம்மவன் உசுரோட இருக்கானா, இல்லியா?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லத் துணிவு வரவில்லை. "உங்க மனசுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். மரியாதையான பதில் போலத் தோன்றும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் இதயம் தானாக நின்றது.

நெடுநாள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரரை டயாலிசிஸுக்கு வண்டியில் ஏற்றிவிட்டு வந்த அவர் என்னிடம் சொன்னார்: "எம்மவன் கிட்னி ரெண்டும் நல்லாத்தானய்யா இருந்திச்சு." வேறொன்றும் பேசவில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் அவருடைய உரிமை. தெரிந்து முடிவெடுக்க அவருக்கு உதவாமல் போனது என் தவறு. அன்று சொல்லாததை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

மூளை மரணம் என்பது மயக்கம் அல்ல. நினைவில்லாமல் கிடப்பவர் எழுந்து வரலாம். மூளை இறந்தவர் வரமாட்டார். மூச்சு விடச் சொல்லி உத்தரவு போடும் மூளையின் அடித்தண்டே செத்துவிட்டது. நெஞ்சு ஏறி இறங்குவது இயந்திரம் காற்றடைப்பதால். இதயத்துக்கென்று தனி ஓட்டம் உண்டு. இயந்திரம் தருகிற காற்று இருக்கிறவரை அது கொஞ்ச காலம் துடிக்கும், உடம்பும் சூடாக இருக்கும். நிபுணர்கள் இருவர், இரண்டு தடவை சோதிக்கிறார்கள். கண்ணில் ஒளி அடித்தால் பாவை சுருங்குகிறதா, தொண்டையைத் தொட்டால் இருமல் வருகிறதா, இயந்திரத்தைக் கழற்றினால் தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். உறுப்பு மாற்றும் குழுவில் உள்ள டாக்டர் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. இத்தனைக்கும் பிறகுதான் மரணம் என்று எழுதுகிறார்கள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உடம்பைச் சிதைத்துவிடுவார்களா? இல்லை. மற்ற ஆபரேஷனைப் போலவே தையல் போட்டு ஒப்படைப்பார்கள். குளிப்பாட்டி, உடுத்தி, எல்லாச் சடங்கும் செய்யலாம்.

அடுத்த பிறவியில் குறையோடு பிறப்போமா? நாம் எப்படியும் உடம்பை நெருப்பில்தான் வைக்கிறோம். சாம்பலாகப் போகிற கண் இன்னொருவருக்கு வெளிச்சம் தந்தால் எந்தச் சாமி கோபிக்கும்? தன் கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பரை நாயனாராக வைத்துக் கும்பிடுகிறவர்கள் அல்லவா நாம்! இஸ்லாமியச் சகோதரர்களுக்கும் 1970-லேயே தேசிய பத்வா மன்றம் இதற்கு அனுமதி சொல்லியிருக்கிறது.

ஒருவரால் எத்தனை பேர் பிழைப்பார்கள்? சிறுநீரகம் இரண்டு, இதயம், கல்லீரல், நுரையீரல் என்று பல உயிர்கள். கண்ணின் கருவிழியும் உதவும். ஆனால் நேரம் முக்கியம். இதயம் நான்கு மணி நேரம் போலத் தாங்கும், சிறுநீரகம் ஒரு நாள் அளவு தாங்கும். 2008-ல் சென்னையில் ஹிதேந்திரன் என்ற இளைஞர் விபத்தில் மூளை மரணம் அடைந்தபோது, டாக்டர்களான அவருடைய பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். போலீசார் சாலையை ஒதுக்கிக் கொடுக்க, அவருடைய இதயம் நகரின் குறுக்கே விரைந்து போய் ஒரு சிறுமியைக் காப்பாற்றியது. அதன் பிறகு தமிழ்நாட்டில் தானம் செய்யும் குடும்பங்கள் பெருகின. 2023 முதல் அங்கே தானம் செய்தவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை செய்கிறார்கள்.

விலைக்கு வாங்கலாமா? கூடாது! 1980-களில் நம் நாட்டிலிருந்து வசதி உள்ளவர்கள் மதராசுக்கும் பம்பாய்க்கும் போய்ச் சிறுநீரகம் வாங்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். விற்றவர்கள் யார்? நம்மைப் போன்ற ஏழைத் தொழிலாளர்கள். சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் வந்தது. 1994-ல் இந்தியா சட்டம் போட்டு விற்பனையைத் தடை செய்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-ல் விசாரித்தார்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் தீரவில்லை, குடும்ப வருமானமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தொழிலாளியின் இரத்தத்தையும் வியர்வையையும் வாங்கியது போதாதென்று உறுப்பையும் வாங்கும் வியாபாரத்துக்கு நாம் துணை போகக்கூடாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, இருக்கிற சிறுநீரகத்தைக் காப்பது. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்புநீர்க்காரர்கள். இனிப்பும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் மாத்திரையை விடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதியுங்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலும், காலும் முகமும் வீங்கினாலும் நாள் கடத்தாதீர்கள். உடம்பு வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போடுகிற பழக்கம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவுதான். சொக்சோவில் பதிந்த தொழிலாளிக்குச் சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் உதவிக்கு மனுச் செய்யலாம். தெரியாவிட்டால் கிளைச் செயலாளரைக் கேளுங்கள்.

இரண்டாவது, 18 வயது நிரம்பியவர்கள் உறுப்புத் தானத்துக்குப் பெயர் பதியலாம். மைசெஜாத்ரா செயலியில் பதியலாம், அரசாங்க மருத்துவமனையிலும் கேட்கலாம். பதிந்தால் மட்டும் போதாது. நாளைக்கு ஒன்று என்றால் உங்கள் குடும்பத்தைத்தான் கேட்பார்கள். பெயர் பதிந்திருந்தும் வீட்டார் மறுத்ததால் நடக்காமல் போனது உண்டு. ஆகவே சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, "எனக்கு இதுதான் விருப்பம்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அந்த இரவில் உங்கள் அப்பாவோ மனைவியோ தவிக்க வேண்டியிருக்காது.

மூன்றாவது, உயிரோடு இருக்கும்போதே உறவினருக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்கலாம். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் மட்டுமல்ல, கணவன் மனைவியும் கொடுக்கலாம். கொடுப்பவரின் இரத்த வகை, இனிப்பு, கொதிப்பு, இதயம் எல்லாவற்றையும் சோதித்து, அவருக்குக் கெடுதல் வராது என்றால்தான் ஒப்புக்கொள்வார்கள். சில வாரம் ஓய்வு தேவைப்படும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் வாசலிலேயே உட்காரவைத்துச் சொன்னேன். கடைசியில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நானே குடுக்கலாமாய்யா?" என்று கேட்டார்.

இந்தத் தடவை நான் நழுவவில்லை. "கொடுக்கலாமா என்பதைச் சோதனைதான் சொல்லும். ஒத்துவராமலும் போகலாம், அவருடைய இதயம் ஆபரேஷனைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் கேட்கலாம்" என்று சொல்லி, அங்கேயே அவருக்குக் கொதிப்புப் பார்த்து, சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சோதனைகள் நடக்கின்றன. முடிவு இன்னும் வரவில்லை.

உங்கள் தோட்டத்தில் இப்படிக் கேள்வி உள்ளவர்கள் இருந்தால் வெட்கப்படாமல் மருந்தகத்துக்கு வாருங்கள். உறுப்பு மாற்றும் கலை பாஸ்டனிலும் கோலாலம்பூரிலும் வளரட்டும். அது நம் லயத்து வாசலுக்கு வந்து சேர, நாம் வீட்டுக்குள் பேசத் தொடங்க வேண்டும்.